ஆங்கிலத்தில் குறிப்பாகப் பேசுதல்: லண்டனிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உங்கள் அனைவரின் நலம் அறிய ஆவல். ஹின்ட், சஜஸ்ட், இம்ப்ளை, இன்சினுவேட் ஆகிய சொற்களுக்கு அகராதி ஏறக்குறைய ஒரே பொருளைத் தருகிறதே, எதை எங்கே எழுதுவது என்று கேட்டிருந்தாய்.

இங்கே அலுவலகங்களில் நேரடியாக ஏவுவது அரிது. "நேரம் கிடைத்தால் இந்த அறிக்கையை இன்னொரு முறை பார்க்கலாமே" என்று மேலாளர் சொன்னால், திருத்தி எழுது என்பதே பெரும்பாலும் கருத்து. அதை அவர் சஜஷன் என்பார். கேட்டவர் ஹின்ட் என்பார். மனத்தாங்கல் உள்ளவரோ, தமக்கு வேலை தெரியாது என்று மேலாளர் இன்சினுவேட் செய்ததாகக் குமுறுவார். பேச்சு ஒன்றே என்றாலும், அதற்குப் பெயரிடுபவர் பேசியவரின் உள்நோக்கத்தைப் பற்றித் தம் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ஹின்ட் கொடுப்பவர் கேட்பவருக்குப் புரியவேண்டும் என்று விரும்புகிறார். இன்சினுவேட் செய்பவர் பொடி வைத்துப் பேசுகிறார். வளைவு, மடிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்த வினையால் எவரையும் பாராட்ட முடியாது.

இம்ப்ளை என்பதற்கு உள்நோக்கமே தேவையில்லை. ஒரு புள்ளிவிவரமும் எதையேனும் இம்ப்ளை செய்யலாம். அதைக் கேட்பவர் உய்த்துணர்வது இன்ஃபர். இவ்விரண்டையும் இந்நாட்டவரே குழப்பிக்கொள்வதுண்டு, அவர்களைத் திருத்துவதில் இன்பம் காண்பவர்களும் உண்டு. பெயரைச் சொல்லாமல் தொட்டுச் செல்வது அல்யூட். நம் அலுவலகக் கடிதங்களில் வெறுமனே 'தெரிவி' என்ற பொருளில் வரும் இன்டிமேட், இங்கே மென்மையாகக் கோடிகாட்டுவதையே பெரிதும் குறிக்கிறது.

இன்னுவெண்டோ என்பதைப் பாலியல் சாடையாகப் பேசும் பேச்சுக்கே இன்று மிகுதியாக வழங்குகிறார்கள். ஆனால் அவதூறுச் சட்டத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. சிரில் டாலி என்ற கோல்ஃப் வீரர் பணம் பெறாமல் ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரர். அவருடைய சட்டைப்பையிலிருந்து ஃப்ரை நிறுவனத்தின் சாக்லேட் எட்டிப்பார்ப்பதுபோல் கேலிச்சித்திரம் வரைந்து, அவரது அனுமதியின்றி விளம்பரம் வெளியிட்டார்கள். அதில் அவரை இழிவுபடுத்தும் சொல் எதுவும் இல்லை. ஆயினும் அமெச்சூர் விளையாட்டின் நெறியை அறிந்தவர்கள், பணத்துக்காகத் தம் பெயரை அவர் விற்றுவிட்டார் என்று எண்ணுவார்கள் அல்லவா? 1931இல், அன்று இந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவ்விளம்பரம் அத்தகைய அவதூறுப் பொருளைத் தரவல்லது என்று ஏற்றுக்கொண்டது. எழுதப்படாத ஒன்றுக்காக எழுதியவரைப் பொறுப்பாக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

நீ அனுப்பிய கட்டுரையில், நூலாசிரியர் கல்வியின் பயனை இன்சினுவேட் செய்வதாக எழுதியிருக்கிறாய். அவர்மீது உனக்குக் கோபம் ஒன்றும் இல்லையென்றால், அதை சஜஸ்ட் என்று மாற்றிவிடு.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா