புரொப்பெல்லரில் சிக்கனம் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். வானிலிருந்து வீடியோ எடுக்க நீயே கட்டப்போகும் ட்ரோனுக்காக அனுப்பிய பாகங்களின் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தேன். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கேமராவுக்கே ஒதுக்கிவிட்டாய். மிச்சத்தில் பெரும்பங்கு, கேமராவைச் சாயாமல் பிடிக்கும் கிம்பலுக்குப் போய்விட்டது. புரொப்பெல்லருக்கும் பேட்டரிக்கும் எதிரே “கிடைப்பதில் மலிவானது” என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலை அப்படியே தலைகீழாக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வானிலிருந்து எடுக்கும் வீடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் கேமரா இல்லை, அதிர்வுதான். நீ வாங்க நினைக்கும் சிறிய கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே நொடிப்பொழுதில் மொத்தமாகப் பதிவு செய்வதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. அதற்குள் கேமரா துடித்தால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் விலகிப் பதிவாகும். நேராக நிற்கும் மின்கம்பம் நெளியும், கட்டடச் சுவர் அலையடிக்கும். 10 அங்குல புரொப்பெல்லர் ஓரிடத்தில் நின்று பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு எண்பதுக்கும் மேல். ஒரு பக்கம் சற்றே கனமாக இருந்தால் போதும், அத்தனை முறையும் சட்டகத்தை உலுக்கும். கிம்பல் இதைத் தடுத்துவிடும் என்று நினைக்காதே. ட்ரோன் சாய்வதை அது சரிசெய்யும். இவ்வளவு வேகமான துடிப்பை அதன் மோட்டார்களால் துரத்திப் பிடிக்க முடியாது.

ஆகவே முதலில் சமநிலை பார்க்கும் சிறிய தாங்கி ஒன்றை வாங்கிக்கொள். இரண்டு காந்தங்களுக்கு இடையே மெல்லிய தண்டு உராய்வில்லாமல் நிற்கும் வகை நல்லது. புரொப்பெல்லரைத் தண்டில் கோத்துக் கிடையாக வைத்துக் கையை எடு. கனமான பக்கம் மெதுவாகக் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத்து இறக்கையில், நுனிக்குச் சற்று உள்ளே, செல்லோ டேப் துண்டு ஒன்றை ஒட்டிப் பார். இன்னும் இறங்கினால் கூட்டு, மறுபக்கம் சாய்ந்தால் நறுக்கு. எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை இதைச் செய். பிறகு செங்குத்தாக வைத்துப் பார். அப்போது ஒரு பக்கமாகத் திரும்பினால் பிழை இறக்கையில் இல்லை, நடுக்குமிழில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுப் பசை போதும். மட்டமான புரொப்பெல்லரில் இந்த வேலை முடியவே முடியாது. துளையே நடுவில் இருக்காது, ஓர் இறக்கையின் வளைவு மற்றதைப் போல் இருக்காது. எத்தனை டேப் ஒட்டினாலும் அது அடங்காது. மலிவு வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். விளிம்பில் கீறல் விழுந்ததை மறுபேச்சில்லாமல் தூக்கி எறி.

“தயாராக விற்பதையே வாங்கிக்கொள்ளலாமே” என்றார் அப்பா. வீடியோ மட்டும்தான் வேண்டும் என்றால் அவர் சொல்வது சரி. கடையில் கிடைக்கும் சிறிய ட்ரோன் குறைந்த உழைப்பில் நல்ல படம் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் மோட்டாரைத் தாங்கும் கை முறிந்தால் நீ சேவை மையத்தின் தயவில் இருக்க வேண்டும். நீயே கட்டினால் முறிந்த கையை அன்று மாலையே மாற்றுவாய், நாளைக்கு வேறு கேமரா வந்தாலும் அதையே பொருத்துவாய். உனக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை என்று எனக்குத் தெரியும்.

சட்டகத்தில் சிக்கனம் பிடி. மூலைக்கு மூலை 450 மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் கை வைத்த சட்டகம் போதும். அதற்கு 2212 அளவு, 920 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 920 சுற்று) மோட்டார்கள், மூன்று செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 10 அங்குல புரொப்பெல்லர் என்பது பலரும் பறந்து பார்த்துத் தேறிய கூட்டு. கேமராவோடு சேர்த்து எடை ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கட்டும். நான்கு மோட்டார்களும் சேர்ந்து முழு வேகத்தில் அந்த எடையைப் போல் இருமடங்காவது தூக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்றடிக்கும்போது சமாளிக்கத் தெம்பு இருக்காது. மோட்டார்களை இயக்கி ட்ரோனை நிலைநிறுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலரும் பழைய மாடலாக இருக்கலாம். ஆர்டுபைலட் போன்ற திறந்த மூல மென்பொருள் அதில் ஓடினால் சரி. ரிமோட்டைப் பழையதாக வாங்கு. கிம்பல் இரண்டு அச்சு உள்ளதே போதும். பக்கச் சாய்வையும் முன்பின் சாய்வையும் அது பார்த்துக்கொள்ளும், இடவலத் திருப்பத்தை உன் விரல் பார்த்துக்கொள்ளட்டும். கேமராவைக் கடைசியில் வாங்கு. அதுவரை அதே எடையுள்ள கட்டையைக் கட்டிப் பறக்கவிடு. விழுந்தால் கட்டைக்கு ஒன்றும் ஆகாது.

பேட்டரியிலும் சிக்கனம் வேண்டாம். ஓர் எளிய கணக்கு சொல்கிறேன். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்குதான் உன்னுடையது. மிச்சத்தைத் தொட்டால் அது சீக்கிரம் செத்துவிடும். இந்த எடைக்கு ஓரிடத்தில் நிற்கவே 17 ஆம்பியர் அளவு இழுக்கும். வகுத்துப் பார், 14 நிமிடம் வரும். காற்றையும் வேகத்தையும் கழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள். பெரிய பேட்டரி போட்டால் அதே விகிதத்தில் நேரம் கூடும் என்று ஆசைப்படாதே, அதன் எடையைத் தூக்கவே கூடுதல் மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், 3.5-ஐ நெருங்கும்போது நீ தரையில் இருக்க வேண்டும், நாள்கணக்கில் எடுத்து வைப்பதானால் 3.8. வீங்கிய பேட்டரியை ஒரு முறைகூடப் பறக்கவிடாதே. சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இரு, தூங்கப் போகாதே. இதை அம்மாவாகச் சொல்கிறேன், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சால்டரிங் பற்றி ஒரு வார்த்தை. தடித்த பேட்டரி வயருக்கு அறுபது வாட் இரும்பாவது வேண்டும். ஈயம் உருண்டையாகத் திரண்டு மங்கலாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. வயரின் இழைகளுக்குள் இறங்கி ஓரம் சரிவாகப் பரவியிருக்க வேண்டும். ஆறியபின் இழுத்துப் பார். ஒரே ஒரு மோட்டார் நின்றாலும் நான்கு மோட்டார் ட்ரோன் கவிழ்ந்துவிடும், மற்ற மூன்றால் அதைத் தாங்க முடியாது. முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது இடையில் தொடர் இணைப்பில் கார் பல்பு ஒன்றை வை. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவிகள் தப்பும். மேசையில் வேலை செய்யும்போது புரொப்பெல்லர் மாட்டியிருக்கவே கூடாது. மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பதாக இருந்தாலும் சரி. எதிரெதிர் மூலைகள் ஒரே திசையிலும், அடுத்தடுத்த மூலைகள் எதிர்த் திசையிலும் சுற்ற வேண்டும்.

ஜிபிஎஸ்ஸோடு வரும் திசைகாட்டியை ஒரு குச்சியின் மேல் உயர்த்திப் பொருத்து. பேட்டரி வயரில் மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழும், திசைகாட்டி அதை வடக்கு என்று நம்பிவிடும். ஓரிடத்தில் நிற்கச் சொன்னால் ட்ரோன் வட்டம் போட்டு வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரிமோட் தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்படி அமைத்துவிடு. திரும்பும் உயரம் சுற்றியுள்ள மரங்களைவிட அதிகமாக இருக்கட்டும். அமைத்ததோடு விடாமல், தாழ்வாகப் பறக்கும்போது ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்.

படம் எடுக்கும் நாளில் நொடிக்கு 25 படம் என்றால் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்குக் கொண்டுவா. வெயிலில் அது சாத்தியமாக லென்ஸுக்கு முன் கறுப்பு வடிகட்டி வேண்டும், அந்தக் கேமராவில் ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்க வழியில்லை. நேர்கீழாக வேகமாக இறங்காதே. தன் இறக்கைகள் தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்கும் ட்ரோன் பிடிமானம் இழந்து தள்ளாடும். முன்னே நகர்ந்தபடி சாய்வாக இறங்கு, படமும் அழகாக வரும். உயரம், பதிவு, தடைசெய்யப்பட்ட இடங்கள் பற்றிய சட்டத்தை முன்கூட்டியே படித்துவிடு. பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டினாலே பதிவு கட்டாயம், நீ கட்டுவது அதைப் போல் பல மடங்கு. யார் தலைக்கு மேலும் பறக்காதே.

கட்டையோடு முதல் பறத்தல் முடிந்ததும் ஃப்ளைட் கன்ட்ரோலரின் பதிவுக் கோப்பை அப்படியே அனுப்பு. அதிர்வு வரைபடத்தில் மூன்று அச்சுகளும் 30-க்குக் கீழே இருந்தால் கேமராவை வாங்கு, அதில் எடுக்கும் முதல் வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அனுப்பு. 60-ஐத் தொட்டால் மறுபடி தாங்கியை எடுத்து உட்கார். எந்தக் கையின் மோட்டார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா