திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு பதில், 2022

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். வாத்தியார் இன்னும் அதே சைக்கிளில்தான் திரிகிறார், உன்னை விசாரித்தார். இத்தனை மாதம் எழுதாததற்கு வந்து நேரில் ஏசு.

கம்பனிக்கு ஆள் எடுக்கிற நீ போன கிழமை போனில் சொன்னது இன்னும் உறுத்துகிறது. "கொரோனாவோட உங்கட பெடியள் சோம்பேறியாப் போயிட்டாங்கள், ஒருத்தனும் வேலைக்கு எழுதிப் போடுறானில்லை" என்றாய். இல்லை மச்சான், சோம்பல் இல்லை.

இங்கே நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போடு ஒரு சீசன் போனது. 2020 மார்ச் 20 ஊரடங்கோடு அடுத்தது. 2021 மே மாதம் பயணத்தடை. "திறந்தால் கூப்பிடுகிறோம்" என்றுதான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சொல்லை நம்பி இருக்கிறவன் வேறு இடத்துக்கு எழுதுவானா?

எழுதினவனுக்கு நடந்ததையும் கேள். விதானையாரின் (கிராம சேவகரின்) நற்சான்றிதழ், அதற்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம், சமாதான நீதவான் சீல் குத்திய போட்டோ கொப்பிகள், உறவில்லாத இரண்டு பேரின் விலாசம், கடைசியில் பதிவுத் தபால். ஊரடங்கில் கந்தோர் பூட்டு. திறந்தால் விதானையார் 5000 ரூபா நிவாரணப் பட்டியலோடு ஓடித் திரிவார். எல்லாம் கைக்கு வரும்போது முடிவுத் திகதி போயிருக்கும்.

தப்பித்தவறி அழைப்பு வந்தாலும், வீட்டில் இருக்கிற ஒரேயொரு போன் தங்கச்சியின் வட்ஸ்அப் வகுப்பில். திருப்பி எடுத்தால் கம்பனியின் பொது நம்பர். "யாரோட கதைக்கோணும்?" என்று கேட்பார்கள், கூப்பிட்டவரின் பெயர் இவனுக்குத் தெரியாது. அத்தோடு அந்த வேலை முடிந்தது.

இப்படி ஐந்தாறு தரம் நடந்தால் அந்தச் சான்றிதழ்ப் பைல் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சாதாரண தரப் பெறுபேற்றின் கொப்பியில் சீலின் ஊதா மை பின்பக்கம் வரை ஊறி, அடுத்த தாளிலும் ஒட்டியிருந்தது. பதிவுத் தபால் துண்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை. "எடுக்கவில்லை" என்று ஒரு வரி வந்திருந்தாலும் அவன் அடுத்ததற்கு எழுதியிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடம் பூட்டியதால் பிள்ளைகளையும் மாமியாரையும் பார்க்க வேலையை விட்ட பெண்களின் பாடு இதைவிட மோசம். "இடையில் என்ன செய்தீங்க?" என்ற கேள்விக்கே பயந்து அவர்கள் எழுதுவதில்லை.

இப்போது கணக்கைப் பார். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வேலையில்லாதவன் என்று எண்ண, அவன் கடந்த நான்கு கிழமைக்குள் ஏதாவது முயற்சி எடுத்திருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் போகவும் வேண்டும். தேடுவதை விட்டால் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவான். கிழமையில் ஒரு மணித்தியாலம் கூலிக்குப் போனால் அவன் வேலையுள்ளவன். 2020இல் 5.5 சதவீதமாக இருந்த வேலையின்மை 2021இல் 5.1 ஆக இறங்கியதை வைத்து நிலைமை திருந்துகிறது என்று நீ சொன்னாய். வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்த்து நூற்றுக்கு எத்தனை பேர் என்ற தொழிற்படைப் பங்கேற்பையும் சேர்த்துப் படி: 2019இல் 52.3, 2020இல் 50.6, 2021இல் 49.9. விலகிய எல்லாரும் மனம் விட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், படிக்கிறவர்களும் வயதானவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பைல்காரனும் அதற்குள்தான் இருக்கிறான்.

நீ ஆள் எடுக்கிற கதிரையில் இருக்கிறாய், அதனால் கேட்கிறேன். முதல் சுற்றில் சான்றிதழ் கேட்காதே, தெரிவானவனிடம் மட்டும் கேள். கூப்பிட முதல் நாளே உன் பெயரையும் நேரடி நம்பரையும் நேரத்தையும் எஸ்எம்எஸ் போடு. எடுக்காவிட்டால் அதையும் ஒரு வரியில் அனுப்பு. 2020, 2021 வெறுமையாக இருக்கிறது என்பதற்காக யாரையும் கழிக்காதே.

மூதூர்ப் பெடியன் ஒருவனின் விபரம் இதோடு வருகிறது. நான்கு வருசம் ஹோட்டல் முன்மேசையில் நின்றவன், சிங்களமும் இங்கிலீசும் நன்றாகக் கதைப்பான். டீசல் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூட வகுப்பு மறுபடி வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு முதல் எடுக்காதே, போன் அவனிடம் இருக்காது.

அன்புடன்,
உன் மச்சான்