ஆய்வுக்கூடத்தை விட்டுக்கொடுக்காதே

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நுண்ணலை ஆய்வுக்கூடத்தை ஓர் ஆராய்ச்சி மாணவரிடம் தள்ளிவிட்டு, அந்த மதிய வேளைகளை உன் கட்டுரைகளுக்கு எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். அலையைப் பிளவு வழியே ஊசி விட்டு அளக்கும் பழைய ஸ்லாட்டட் லைன் மேசைகளையும் உங்கள் துறையில் கழிக்கப் போகிறார்களாம். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. "அவளாவது நிம்மதியாக இருக்கட்டுமே" என்கிறார் அப்பா. அவருக்கென்ன, அவர் வங்கியில் இருந்தவர்.

அளவுகளைத் தானே எடுத்துக் காட்டும் நெட்வொர்க் அனலைசர் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கல்லூரிக்கு ஒன்று வாங்க எத்தனை கோப்புகளின் பின்னால் நடந்தேன் என்பது உனக்கே தெரியும். ஆனால் அது விடையைத் திரையில் வரைந்து கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஸ்லாட்டட் லைனில் அது நடக்காது. அலை ஓடும் உலோகக் குழாயான வேவ்கைடின் முனையை, அலை திரும்பி வரும்படி உலோகத் தகட்டால் அடைத்து, மேல் பிளவில் ஊசியை இறக்கி, அதைத் தாங்கும் வண்டியை மெல்ல நகர்த்த வேண்டும். மீட்டரின் முள் ஏறும், விழும், மறுபடி ஏறும். விழும் இடத்தைத்தான் குறிக்கச் சொல்வேன். உச்சி மழுங்கலாக இருக்கும், பள்ளம்தான் கூர்மை. 10 கிகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் அலைநீளம் 3 செ.மீ. பள்ளங்களுக்கு இடையே அரை அலைநீளம், ஆகவே பள்ளத்துக்குப் பள்ளம் ஒன்றரை செ.மீ. என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். ஸ்கேலில் வருவதோ ஏறத்தாழ 2 செ.மீ. கருவி கெட்டுவிட்டது என்பான் ஒருவன். இன்னொருவன் சத்தமில்லாமல் ரெக்கார்டு நோட்டில் ஒன்றரை என்றே எழுதிவிடுவான். குழாய்க்குள் அலை சுவருக்குச் சுவர் மோதிச் சாய்வாகப் போகிறது, அதனால் நீளவாட்டில் அளக்கும்போது நீண்டு தெரிகிறது என்பதை அவர்கள் படித்துத் தேர்வே எழுதியிருப்பார்கள். அந்த அரை சென்டிமீட்டரைக் கண்ணால் பார்த்துத் திகைக்கும் வரை அது மண்டையில் ஏறாது.

சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடிப்பதற்கும் மருந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு மேசையிலும் நுண்ணலையை உண்டாக்கும் கிளைஸ்ட்ரான் குழாயின் திருகை லேசாகத் திருப்பி அதிர்வெண்ணை மாற்றிவிடுவேன். ஓர் எண்ணும் போன வருடத்தோடு ஒத்துப்போகாது. இதற்காக என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார்களோ!

என் நெல் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அதே அறையில்தான். கொம்பு போல விரியும் இரண்டு ஹார்ன் ஆன்டெனாக்களை எதிரெதிரே வைத்து, இடையில் நனைந்த கைக்குட்டையைப் பிடித்தால் முள் சரியும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். மண்டியா பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, வியாபாரி நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் என்று விலையைக் குறைக்கிறார், இதை வைத்து அந்த ஈரத்தை அளக்க முடியுமா மேடம் என்றான். அரசுக் கொள்முதலிலும் 17 சதவீதம்தான் ஈரப்பதத்தின் வரம்பு. அவன் வீட்டில் அது பணப் பிரச்சினை. அதன் பின்னால் வருடக்கணக்கில் போனேன். இந்த அதிர்வெண்ணில் தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவு) 60ஐ ஒட்டி, உலர்ந்த தானியத்துக்கு 3ஐ ஒட்டி. அதனால் ஈரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார், நெல் அமுங்கி, அதே ஈரம் கூடுதலாகக் காட்டும். அலை எவ்வளவு தேய்கிறது, அதன் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை நிற்கும் நிலை) எவ்வளவு பின்தங்குகிறது என்று இரண்டையும் அளந்து விகிதம் எடுத்தால் அடர்த்தியின் தொல்லை பெரும்பாலும் கழன்றுவிடும். அது வெளிநாட்டில் வேறு சிலர் முன்பே கண்ட வழி. நம்மூர் ரகங்களுக்குச் சரிபார்த்தது மட்டுமே எங்கள் பங்கு. ஆனாலும் என் பெயரில் வந்த கட்டுரைகளில் எனக்குப் பெருமை அதில்தான்.

உன்னை யாரோடாவது ஒப்பிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் என்னை விட்டுவிடு, ராஜேஸ்வரி சட்டர்ஜியைப் பார். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஊரார் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், பொறியியல் ஆசிரியராக வந்த முதல் பெண். மிச்சிகனில் முனைவர் பட்டம் முடித்து 1953இல் திரும்பியவர். கணவர் சிசிர் குமார் சட்டர்ஜியோடு சேர்ந்து நுண்ணலை ஆராய்ச்சியை அங்கே வளர்த்தார். 1982இல் ஓய்வு பெற்றார். மின்காந்தவியல் வகுப்பும் எடுத்தார், 20 பேருக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாகவும் இருந்தார், பாடநூல்களும் எழுதினார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைகழுவவில்லை. என்னை வேலைக்கு அனுப்பும்போது உன் பாட்டி சொன்னது என்ன தெரியுமா? வாத்தியார் வேலை என்றால் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று. அந்த மூன்று மணியை நான் பார்த்ததே இல்லை.

ஆராய்ச்சி மாணவரிடம் ரெக்கார்டு திருத்தும் வேலையைக் கொடு. மேசைப் பக்கம் நீ நில். கிளைஸ்ட்ரான் குழாய் தேடுவது இனி வீண். நுண்ணலை உண்டாக்க, குறைகடத்தியாலான கன் (Gunn) டையோடு ஒன்று போதும், மின்வழங்கியும் சிறியது. எல்லா மேசைகளையும் காப்பாற்ற முடியாவிட்டால் இரண்டையாவது கேட்டு வாங்கிக்கொள்.

உங்கள் வேவ்கைடின் உள் அகலத்தை அளந்து எழுது. 22.86 மி.மீ. என்றால் என் ஜோடி ஹார்ன்கள் பொருந்தும். பரணில்தான் இருக்கின்றன, அடுத்த முறை வரும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அம்மா