தம்பிக்கு, வண்டி டாப்புல ஏத்துற லோடு பத்தி

தம்பி,

நல்லாருக்கியா. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை மாத்திருக்காங்க, வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. நீ ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோவ தங்கச்சி காட்டவந்துச்சு, நான் கண்ணாடிய தேடி மாட்டுறதுக்குள்ள நீ அழிச்சுட்ட, நல்லவேளை அது எடுத்து வச்சிருந்துச்சு. கேரியர்ல பிரிட்ஜு, ரெண்டு மெத்தை, அரிசி டிரம்மு, பாப்பா சைக்கிள். ஓமன்ல சலாலா பக்கம் போறன்னு தங்கச்சி சொல்லுது. எதுக்கு போறன்னு நான் கேக்கல. வண்டிய பத்தி மட்டும் பேசுறேன், அதுலயாவது நான் பேசலாம்ல.

கேரியர் பெருசா இருக்குங்கறதுக்காக அம்புட்டையும் ஏத்தக்கூடாது. வண்டியோட புக்குல டாப் எவ்வளவு தாங்கும்னு போட்டுருப்பான், நிறைய ஃபோர்வீல் வண்டிக்கு அது 100 கிலோ கிட்டதான். அதுல கேரியரோட எடையும் சேத்தி, இத எல்லாரும் மறந்துடுறாங்க. இரும்பு கேரியரே 30 கிலோ இருந்தா பாக்கி 70தான். அதுவும் தார் ரோட்டுக்கு. கல்லு, மணல்னு எறங்குனா மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கணும், அப்ப 100ங்கறது 66 ஆயிரும், கேரியர் போக 36 கிலோ. டபுள்டோர் பிரிட்ஜ் ஒண்ணே 50 கிலோவுக்கு மேல வரும் தம்பி. டென்ட் போட்டு மேல மூணு பேரு படுக்குறாங்களேன்னு சொல்லாத, அது நிக்கிற வண்டி. ஓடுற வண்டிக்கு கணக்கே வேற, ஒவ்வொரு பள்ளத்துலயும் அந்த எடை எந்திரிச்சு எந்திரிச்சு குத்தும்.

பிரிட்ஜ படுக்க வச்சிருக்க, கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள போயிரும். இறக்குனதும் பிளக்க சொருகிடாத, ஒரு ராத்திரி நிமித்தி வச்சிட்டு அப்புறம் போடு. பேசாம ஒரு பிக்கப் பிடிச்சு அனுப்பிருக்கலாம். அதுக்கு காசு இல்லையா? சரி விடு. மாசாமாசம் வர்றது வரலன்னு இங்க யாரும் கேக்கல.

மெத்தைதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்குது. தட்டையா கிடக்கு, குறுக்க ரெண்டு கட்டு போட்டாச்சுன்னு நினைச்சிருப்ப. 80ல போகும்போது முன்பக்கமா காத்து உள்ள பூந்துச்சுன்னா அது பாய்மரம் மாதிரி எந்திரிக்கும். முன்னாடி விளிம்ப தனியா கீழ இழுத்து, பம்பருக்குக் கீழ இருக்க கொக்கியில ரெண்டு பக்கமும் கட்டு. பின்னாடியும் அப்படியே. பிளாஸ்டிக் கயிறு வேணாம், முடிச்சு வழுக்கும், நைலான் இழுபடும், ராட்செட் பெல்ட் வாங்கு, கைப்பிடிய ஆட்டி ஆட்டி இறுக்குற பட்டை. பெல்ட்ட கேரியர் கம்பியில மாட்டணும், கதவு ரப்பர்ல இல்ல. கிளம்பி 20, 30 கிலோமீட்டர்ல நிறுத்தி திரும்ப இறுக்கு, சாமான் அமுங்குனதும் கட்டு லூசாயிரும்.

தனுஷ்கோடிக்கு தார் ரோடு வர்ற வரைக்கும், 2017 வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்லயே நான் ஓட்டுனதுதான். வலை ஏத்துவேன், கருவாட்டு மூட்டை ஏத்துவேன், தண்ணி கேன மட்டும் மேல ஏத்தவே மாட்டேன், கனமானது கீழ, ரெண்டு வீலுக்கும் நடுவுல. அந்த அரிசி டிரம்ம சீட்டுக்குப் பின்னாடி இறக்கு. மேல கனம் இருந்தா மேட்டுல சாய்வா ஏறாத, நேரா ஏறி நேரா இறங்கு. மணலுக்கு காத்த இறக்குன டயரோட தார் ரோட்டுல ஏறிடாத, இன்னும் ஆடும். மணல்ல சிக்குன வண்டிய என்னவிட நீதான் சுலபமா எடுப்ப, இன்னைக்கும் டீக்கடையில அதைத்தான் சொல்லிட்டுக் கிடக்கேன். கட்டு கட்டுறதுதான் உனக்கு வரவே இல்ல, அப்பவும் பாதியில விட்டுட்டு போன பாக்கப் போயிடுவ.

மஸ்கட்ல இருந்து சலாலாவுக்கு 1,000 கிலோமீட்டர், வழியில ஹைமாங்கற ஊர தாண்டுனா வெட்டவெளியாம்ல. வாடைக்காத்து அடிக்கிறப்ப பாம்பன் பாலத்துல வெறும் வண்டியே பக்கவாட்டுல தள்ளும், நம்ம பழைய பாலத்துல ரயில் ஓடுன காலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டர தாண்டுனா ரயிலையே நிறுத்திப்புடுவாங்க. நீ டாப்புல வீட்டையே வச்சுக்கிட்டு போற. 80க்கு மேல வேணாம். வளைவுல ஸ்டியரிங்க வெடுக்குன்னு திருப்பாத, குறுக்க ஒட்டகம் வந்தாலும் பிரேக்குதான், ஒடிக்காத. ராத்திரி ஓட்டாத. மெத்தைய திரும்ப கட்டு.

மருமக போன எடுக்க மாட்டேங்குதுன்னு அம்மா ரெண்டு நாளா சொல்றா. சிக்னல் இருக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். போட்டோவுல பாப்பா சைக்கிளு இருக்கு, பாப்பா முன்சீட்டுல இருந்துச்சா பின்சீட்டுல இருந்துச்சான்னு கண்ணாடி மின்னுறதுல தெரியல. பின்னாடி உக்கார வச்சு பெல்ட் போட்டுவிடு.

கேரியர் எத்தனை கிலோன்னு பாத்து ஒரு மெசேஜ் போடு. வேற எதுவும் எழுத வேணாம், அந்த நம்பர மட்டும் போட்டா போதும்.

அப்பா