இன்னொரு சாவி

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நேற்று நீ போனில் சொன்னதுதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. கஸ்டமர் கேரில் இருபது பேர் உன் பொறுப்பில் வந்திருக்கிறார்கள். தப்பு செய்தவர் பெயரைப் போர்டில் எழுதிப் போடச் சொல்கிறார்கள் என்றாய். ஒருத்தர்கூட புது யோசனை சொல்வதில்லை என்றும் அலுத்துக்கொண்டாய். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது, கண்ணு.

நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாலும் திட்டுவார். ஒரு நைட் டியூட்டியில் ஓர் ஊசியை ஒரு மணி நேரம் தாமதமாகப் போட்டேன். பயத்தில், கேஸ் ஷீட்டில் சரியான நேரத்துக்குப் போட்டதாகவே எழுதிவிட்டேன். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து அலமாரிக்கு இருந்தது ஒரே சாவி, அதுவும் கீழ்மாடியில். இன்னொரு சாவி செய்து வைத்திருந்தால் போதும். ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் என் தப்பைச் சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. அந்தச் சாவிக்காக வருஷக்கணக்கில் எல்லோரும் மாடிப்படி ஏறி இறங்கினோம். நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் கூடுதலாக வந்தது. அப்புறம் விசாரித்தால், அந்த வார்டுகளில் நடந்ததைப் பயமில்லாமல் சொல்கிறார்கள். 1996இல் இதைக் கட்டுரையாக எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சாவிதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வர்ஜீனியா மேசன் என்ற ஆஸ்பத்திரி, டொயோட்டா தொழிற்சாலையைப் பார்த்து, 2002இல் ஒரு வழக்கம் கொண்டுவந்தது. நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்திச் சொல்லலாம். 2004இல் அங்கேயே மருந்து மாறி ஒரு பெண்மணி இறந்துபோனார். அதையும் அவர்கள் மறைக்காமல் வெளியே சொன்னார்கள். அப்படிச் சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும்!

உன் மேலதிகாரியிடம் பேசிப் பார். போர்டை எடுக்க ஒத்துக்கொள்ளாவிட்டால், பெயரை மட்டுமாவது விட்டுவிட்டு, என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று எழுதலாமா என்று கேள். திங்கட்கிழமை மீட்டிங்கில் முதலில் நீ செய்த ஒரு தப்பைச் சொல். மற்றவர்கள் உடனே வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள். யாராவது சொன்னால், அன்றைக்கே அதைச் சரிசெய்து கொடு.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா