ஃபைட்டர் மீனுக்குப் பின்னால் மிரர் ஷீட் வேண்டாம்: மதுரை வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் ஃபைட்டர் மீன் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவே ஓர் அட்டை செருகியிருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையாக இருக்கும், இல்லையென்றால் தீனி டப்பாவில் கிழித்த துண்டாக இருக்கும். அதைச் செருகச் சொல்லி யாரும் உங்களுக்கு உத்தரவு போடவில்லை. அட்டை விழுந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. பக்கத்துப் பாட்டிலில் இருக்கும் ஆண் கண்ணில் பட்டதும் செவுள் மூடி விரியும், துடுப்பும் வாலும் விறைத்து நிற்கும், தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்காது. அதைத் தடுக்கத்தான் அந்த அட்டை.

அதே மீனை வாங்கிப் போகும் பையனுக்கு, தொட்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள, கண்ணாடி போலப் பிம்பம் காட்டும் மிரர் ஷீட்டையும் அளந்து வெட்டித் தருகிறீர்கள். கடையில் இருந்தவரை எதிராளியை மறைத்து வைத்தீர்கள். வீட்டுக்குப் போனதும் அந்த எதிராளி இரவு பகலாகக் கூடவே குடியிருக்கிறான். இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மிரர் ஷீட் ஏன் விற்கிறது என்பது எனக்கும் புரிகிறது. நம் ஊர் வீடுகளில் தொட்டி வைக்க டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால் பெரிய விஷயம். அங்கே வைக்கிற ஓரடி அகலத் தொட்டி, பின்னால் மிரர் ஷீட் ஒட்டியதும் இரண்டடி அகலமாகத் தெரியும். ஆறு மீன் பன்னிரண்டாகத் தெரியும். செடி வைத்த தொட்டி என்றால் காடு மாதிரி ஆழம் கிடைக்கும். அழகு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டால் அதுவும் குறையும். இடம் நிறைய இருக்கிறதே என்று நினைத்து இன்னும் நாலு மீனைச் சேர்ப்பவர்களுக்கு, தண்ணீர் கலங்கி மீன் மிதக்கும்போதுதான் கணக்கு தெரியவரும்.

இது பார்ப்பவர் கண்ணுக்கு நடப்பது. மீனுக்கு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் ஆழமில்லாத ஓடைகளிலும் வாழும் மீன். அங்கே இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் விறைத்துக் காட்டும், கடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு விலகிப் போய்விடும். தோற்றவன் ஓட இடம் இருப்பதால் சண்டை முடிகிறது. கண்ணாடியில் தெரியும் ஆண் ஓடுவதில்லை. இவன் விறைத்தால் அவனும் விறைப்பான், இவன் பாய்ந்தால் அவனும் பாய்வான். இவன் களைத்துப்போய் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வந்தாலும் அவன் அங்கேயே நிற்பான்.

இது என் கற்பனை இல்லை. நம் கண்மாய்களில் வலை போட்டால் அள்ளிக்கொண்டு வருமே, ஜிலேபி, அந்த மீனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல்தான் இந்தியாவுக்குள் வந்தது. போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர் ருய் ஒலிவேராவும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆண் ஜிலேபிகளைக் கண்ணாடிக்கு முன்னால் விட்டுப் பார்த்து, 2005-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நிஜ எதிராளியோடு மோதுவது போலவே அவை தம் பிம்பத்தோடு மோதின. ஆனால் நிஜச் சண்டையில் ஏற வேண்டிய ஆண் ஹார்மோன்கள் ஏறவில்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. உடம்பு மட்டும் உழைக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிலேபியின் உறவுக்கார சிக்லிட் மீன் ஒன்றைச் சோதித்தார்கள். கண்ணாடியோடு மோதிய மீன், நிஜ எதிரியோடு மோதிய மீன் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. மூளையில்தான் வித்தியாசம் தெரிந்தது: பயத்தோடு தொடர்புடைய பகுதி, கண்ணாடியைப் பார்த்த மீனுக்குத்தான் கூடுதலாக வேலை செய்தது. அதைப் படித்த பிறகு, கண்ணாடி முன்னால் விறைத்து நிற்கும் மீனை என்னால் ரசிக்க முடியவில்லை.

செவுள் மூடி விரிந்து நிற்கும்போது செவுள் வழியே தண்ணீர் ஒழுங்காக ஓடாது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் ஓரளவு சமாளிக்கும். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார் மாதிரிப் பெரிய சிக்லிட் மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறையும். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் அந்த மீன் பின்சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

ஃப்ளவர்ஹார்ன் வளர்ப்பவர்கள் சிலர், தலைக் கொண்டை நன்றாக எழும்பட்டும் என்று கைக்கண்ணாடியைக் காட்டுவார்கள். ஃபைட்டர் வளர்ப்பவர்களும் துடுப்பு விரியட்டும் என்று காட்டுவார்கள். ஒன்றிரண்டு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிட்டால் மீன் பழைய நிலைக்கு வந்துவிடும். அதோடு எனக்குச் சண்டையில்லை. ஒட்டிய ஷீட்டை யாரும் எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக் வரவேற்பறையில் அப்படி ஒட்டிய தொட்டிக்குள் ஒரு ஃப்ளவர்ஹார்ன் இருந்தது. மூக்கு நுனி சிராய்ந்து வெளுத்துப் போயிருந்தது. காத்திருந்த குழந்தைகள், மீன் விளையாடுகிறது என்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு நாள்ல பழகிரும்ணே” என்று கடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேகம் தணியும் என்பது உண்மை. ஆனால் விளக்கை அணைத்துப் போட்டாலோ, கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தாலோ திரும்பவும் விறைக்கும். கடலில் பெரிய மீன்களைச் சுத்தம் செய்து பிழைக்கும் கிளீனர் ராஸ் என்ற சிறு மீன், கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று கண்டுகொள்வதாக 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மீனே முதல் நாட்களில் பிம்பத்தோடு சண்டைதான் போட்டது. ஃபைட்டரும் அப்படிக் கண்டுகொள்ளும் என்று யாரும் காட்டியதில்லை.

“மீன்தானே” என்பவர்களும் உண்டு. பொற்றாமரைக் குளத்தில் மீனைத் தின்னக் கூசிய நாரை, இனி எந்தப் பறவைக்கும் அந்தப் பாவம் வேண்டாம், இக்குளத்தில் மீனே இல்லாதிருக்கட்டும் என்று சொக்கநாதரிடம் வரம் கேட்ட கதையைச் சொல்லித்தான் நம் ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறோம். நம் ஊரில் அந்தப் பேச்சு எடுபடக்கூடாது.

எல்லா மீனுக்கும் மிரர் ஷீட் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நியான் டெட்ரா, ஜீப்ரா, ரஸ்போரா மாதிரிக் கூட்டமாகத் திரியும் மீன்கள் தம் பிம்பத்தைக் கூட்டாளியாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் நீந்தும். அந்தத் தொட்டிகளுக்கு வெட்டிக் கொடுங்கள். ஆனால் இரண்டு டெட்ராவை விற்றுவிட்டு மிச்சக் கூட்டத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு உயிருள்ள துணை குறைந்தது ஆறு வேண்டும். ஃபைட்டர், ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார், ஏஞ்சல், ஆண் குராமி என்றால் மட்டும் கத்தரியைக் கீழே வையுங்கள். இன்னொன்று: முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைத் தண்ணீருக்குள்ளேயே நிறுத்துவதை எந்த மீனுக்கும் செய்யாதீர்கள். அதன் முதுகில் வெள்ளிப் பூச்சும், பல கண்ணாடிகளில் செம்புப் பூச்சும், மேலே பெயிண்டும் இருக்கும். ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறிக் கறுத்து உரியும். செம்பு மீனுக்கே ஆகாது, இறாலுக்கு விஷம்.

பதிலுக்கு என்ன விற்பது? கறுப்பு ஷீட், இல்லையென்றால் அடர்நீலம். சிவப்பு ஃபைட்டரும் நீல ஃபைட்டரும் கறுப்புக்கு முன்னால் எடுப்பாகத் தெரிவதை உங்கள் டிஸ்ப்ளே தொட்டியிலேயே காட்டலாம். மீனுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டுப் பக்கம் கிடைக்கும். மிரர் ஷீட் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து அந்த நிழலையும் பறித்துவிடுகிறது, பாசிக்கும் தீனி போடுகிறது. ஒட்டும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: ஷீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே காற்று இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். காற்று இருந்தால் சாய்வாகப் பார்க்கிற மீனுக்கு வெறும் கண்ணாடியும் முகம் காட்டும். மேட் கறுப்புப் பெயிண்டை வெளிப்புறம் நேராக அடித்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டாலும் இதே கதைதான். தொட்டி விளக்கை முதலில் அணைக்கச் சொல்லுங்கள்.

நான் கேட்பது சின்ன மாற்றம். மிரர் ரோலில் கை வைப்பதற்கு முன்னால் “உள்ள என்ன மீனு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு போனவர்கள் தீனி வாங்கவும் ஃபில்டர் பஞ்சு வாங்கவும் உங்களிடம்தான் வருவார்கள். அவர்கள் தொட்டியில் ஃபைட்டர் இருந்தால், ஷீட்டை உரித்துவிட்டுக் கறுப்பு சார்ட் பேப்பரையாவது ஒட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
மீன் வளர்க்கும் உங்கள் வாடிக்கையாளர்,
பழங்காநத்தம், மதுரை.