காசு அனுப்பும் கவுண்டர் பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று கிழமையாக நம் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "அந்தக் கடையில காசு அனுப்பாதேங்கோ, எங்கட பெயருகளை எடுத்து கவர்ன்மென்டுக்குக் குடுக்கினம்" என்று. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். பேசியவரின் குரல் எனக்குத் தெரியும், அவர் மேல் கோபமும் இல்லை. ஆனால் நியூ ஜேர்சியில் பதினாலு வருடமாக உங்களுக்கு அரிசியும் மரக்கறியும் விற்றுக்கொண்டிருப்பவனைப் பற்றி அப்படி ஒரு கதை வந்தால் நித்திரை வருமா? அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். நமக்கெல்லாம் தெரிந்த ஒரு ஐயா, வவுனியாவில் இருக்கும் மருமகளின் கண் ஒப்பரேசனுக்கு 300 டொலர் அனுப்ப வந்தார். பெயரை அடித்ததும் திரை மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, "ஐயா, உங்கட பெயர் பயங்கரவாதிகள் லிஸ்டில வருது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. குடையைக்கூட எடுக்காமல் மழையோடு போய்விட்டார். அது எங்கள் பிழை. அன்றிரவே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், இப்போது உங்கள் முன்னாலும் கேட்கிறேன். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இருக்கும் வேறு ஒருவரின் பெயருக்குக் கிட்டவாக இருந்தது, அவ்வளவுதான். காசு ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது.

சரி, இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? 1977-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அச்சுறுத்தல் என்று ஜனாதிபதி அவசரநிலை அறிவித்துவிட்டால், அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்தையும் கொடுக்கல் வாங்கலையும் முடக்கலாம். இரட்டைக் கோபுரம் விழுந்த பன்னிரண்டாம் நாள், 2001 செப்டெம்பர் 23-இல், ஜனாதிபதி புஷ் அந்தச் சட்டத்தை வைத்துத்தான், பயங்கரவாதத்தோடு தொடர்பு என்று பட்டியலிடப்படுபவர்களின் சொத்தை முடக்கும் 13224 ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்தார். அந்த அவசரநிலையை வருடா வருடம் செப்டெம்பரில் நீட்டிக்கொண்டே வருகிறார்கள். (அவசரகாலச் சட்டம் நீளுவது நமக்கு ஊரிலேயே பார்த்துப் பழகிய காட்சிதானே.) புலிகள் இயக்கம் 1997 ஒக்டோபரிலேயே இங்கே தடைசெய்யப்பட்டது, 2001 நவம்பரில் இந்த ஆணையின் கீழும் வந்தது. 2007 நவம்பரில் தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற தொண்டு அமைப்பையும் அமெரிக்கத் திறைசேரி (நிதி அமைச்சு) இந்தப் பட்டியலில் சேர்த்தது. 2009-இல் யுத்தம் முடிந்தும் இயக்கத்தின் பெயரை எடுக்கவில்லை.

பெயர்களைத் தட்டிப் பார்ப்பது நானில்லை, காசு அனுப்பும் கம்பனியின் கணினி. அது எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பதில்லை, கிட்டத்தட்ட ஒத்துப்போனாலே மறித்துவிடும். நம் பெயர்களோ அதற்கென்றே செய்து வைத்தது போல. அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருக்கும், லைசென்சில் முன்னால் வந்துவிடும், வங்கி அட்டையில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் வாடிக்கையாளர்கள் இதை எங்களைவிடக் கூடவே பட்டிருக்கிறார்கள். மொஹமட் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று அவர்களைக் கேளுங்கள். நம்மவர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2011-இல் கலிபோர்னியாவில் கார் வாங்கப் போன ஒருவரை, முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனது என்று கடன் அறிக்கையில் இந்தப் பட்டியலோடு சேர்த்துவிட்டார்கள். கார் மனைவியின் பெயரில் போனது. அவர் போட்ட வழக்கில் அதே நிலையில் 8,185 பேர் இருந்தது தெரியவந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 1,853 பேருக்குத்தான் வழக்காடும் உரிமை என்றது.

கம்பனிகள் இவ்வளவு பயப்படக் காரணம், தெரியாமல் அனுப்பினாலும் தண்டம் கட்ட வேண்டி வரலாம். அது ஒரு பரிமாற்றத்துக்கு மூன்றரை லட்சம் டொலருக்கு மேலும் போகலாம்.

இனி அந்தக் குரல்பதிவுக்கு நேராகவே பதில். நான் யாருடைய பெயரையும் யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஆள் பட்டியலில் உள்ளவரேதான் என்று உறுதியானால், காசை முடக்கி 10 வேலை நாளுக்குள் திறைசேரிக்கு அறிவிக்க வேண்டியது கம்பனி. இந்தக் கவுண்டரில் இன்றுவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் ஐ.டி. பிரதிகள் பின்னறையில் பூட்டிய இரும்பு அலுமாரியில் இருக்கின்றன, சாவி என்னிடம். முன்பு ஐந்து வருடம் வைத்தால் போதும், 2025 மார்ச்சிலிருந்து பத்து வருடம் என்று விதி மாறிவிட்டது. அதற்காகத்தான் புது அலுமாரி வாங்கினேன். அதையும் ஒரு கதையாக்கினார்கள்!

சிலர், "காசு வேண்டாம், உடுப்பும் மருந்தும் அனுப்பலாம்தானே" என்று கேட்டீர்கள். ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புவதில் பிரச்சினை இல்லை. ஆனால் அமைப்புகளுக்கு அனுப்பும்போது யாருக்கு என்று பாருங்கள். 1977 சட்டம் உடுப்பு, உணவு, மருந்து தானத்துக்கு விலக்குக் கொடுத்தாலும், பட்டியலில் இருப்பவர்களுக்கு 13224 ஆணையின் 4 ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது.

இன்னொன்று, இதே சட்டத்தைக் காட்டித்தான் 2025 ஏப்ரலில் இலங்கைச் சாமானுக்கு 44 சதவீத வரி என்றார்கள், ஓகஸ்டில் அது 20 ஆனது, 2026 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வைத்து வரி போட முடியாது என்றுவிட்டது. குரக்கன் மா விலைக்கு என்னைத் திட்டியவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். அப்புறம், அடுத்த மாதம் முதல் அனுப்பும் கட்டணம் 5 டொலரிலிருந்து 8 ஆகிறது, ஞாயிறு கவுண்டர் இல்லை (அந்தப் பிள்ளையும் வேலையை விட்டுவிட்டது).

குரல்பதிவைக் கேட்ட பிறகும் வந்து, ஒன்றும் கேட்காமல் வரிசையில் நின்றவர்களை நான் மறக்க மாட்டேன். ஒரு அக்கா தோசை கட்டிக்கொண்டு வந்து, "சாப்பிட்டியா தம்பி" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். உங்களுக்கெல்லாம் என் நன்றி.

இனி வரும்போது பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். பெறுபவரின் முழுப் பெயர், பிறந்த திகதி, ஊர் மூன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். திரை மஞ்சளானால் உங்களை உள்ளே கூப்பிட்டு நானே மெதுவாகச் சொல்வேன்.

ஐயாவுக்கு: உங்கள் குடை கவுண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நீங்கள் வராவிட்டால் வருகிற சனிக்கிழமை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்